முட்டையில்லாத மெக்சிகோ ரொட்டிப் புட்டிங்: மண்டவெல்லப் பாகில் கப்பிரொத்தாதா

பிரெட் புட்டிங் என்றால் பாலும் முட்டையும் சீனியும் அடித்து ஊற்றி அவித்தெடுப்பதுதான் நமக்குத் தெரிந்த வகை. மெக்சிகோவில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் செய்கிற கப்பிரொத்தாதா வேறு வகை. பரவலாகச் செய்கிற முறையில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை. காய்ந்த ரொட்டியைப் பட்டை, கிராம்பு போட்ட வெல்லப் பாகில் ஊறவைத்து, நடுநடுவே உப்புச் சீஸ், கடலை, திராட்சை தூவி அடுக்கி, மூடிச் சுட்டெடுப்பார்கள். முட்டை இல்லாததால் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்க வேறு எதுவும் கிடையாது. ரொட்டியின் காய்ச்சலும் பாகின் பதமும்தான் இதை நிறுத்துகின்றன. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதில் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்லை. ரொட்டியில் ஈரம் இருந்தால் களியாகிவிடும். பாகு முற்றினால் வெளியே மிட்டாயும் உள்ளே வறட்டு ரொட்டியுமாக நிற்கும்.

சாம்பல் புதன் தொடங்கிப் பெரிய வெள்ளி வரைக்கும், அதிலும் வெள்ளிக்கிழமைகளில், மெக்சிகோ வீடுகளில் இது அடுப்பேறும். ஒருசந்தி, சுத்தபோசனம் என்று நம் கத்தோலிக்கக் கோயில் பங்குகளில் சொல்கிற அதே ஒழுங்குதான் அங்கேயும்: அன்றைக்கு இறைச்சி கிடையாது. ஸ்பெயினில் இதே பெயரில் பழைய காலத்தில் இருந்தது இறைச்சியும் பூண்டும் சீஸும் சேர்ந்த உப்புப் பண்டம். கோதுமையும் கரும்பும் மாட்டுப்பாலும் ஸ்பானியர்களோடு மெக்சிகோவுக்குப் போயின. அங்கே இது இறைச்சியை விட்டு இனிப்பாக மாறியது, சீஸ் மட்டும் தங்கிவிட்டது. இன்று பலர் இதற்கு ஒரு பொருள் சொல்கிறார்கள்: ரொட்டி இயேசுவின் உடல், பாகு இரத்தம், கிராம்பு ஆணிகள், பட்டை சிலுவை மரம், உருகிய சீஸ் அவரைப் போர்த்திய துணி. சமையல் கணக்கிலும் பட்டையையும் கிராம்பையும் பொடிக்காமல் முழுசாகப் போடுவதே நல்லது. பொடி போட்டால் பாகு கலங்கும், அடியில் தங்கிக் கசக்கும்.

6 முதல் 8 பேருக்கான அளவு இது. 400 கிராம் பிரெட் ஒன்று. மண்டவெல்லம் 350 கிராம், தண்ணீர் 900 மில்லி. இலவங்கப்பட்டை விரல் நீளத்தில் 2, கிராம்பு 5. வெண்ணெய் 60 கிராம். உப்புச் சீஸ் எல்லாம் சேர்த்து 250 கிராம். தோல் நீக்கிய வறுத்த நிலக்கடலை 75 கிராம், உலர் திராட்சை 75 கிராம், கெட்டியான வாழைப்பழம் 2. அடியில் விரிக்க, எண்ணெய் விடாமல் சுட்ட சப்பாத்தி 2. ஏனம் இரண்டரை லிட்டர் கொள்ள வேண்டும். சதுரத் தட்டு என்றால் பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர், உயரம் ஆறரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ரொட்டி

மெக்சிகோவில் இதற்கு பொலீயோ என்கிற சின்ன ரொட்டியை எடுப்பார்கள். மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் இவைதான் பிரதானம். மேல்தோல் மொறுமொறுப்பு, உள்ளே பெரிய துவாரங்கள். மதுரைப் பேக்கரிகளில் அதற்கு ஓரளவு பக்கத்தில் வருவது சால்ட் பிரெட். ஸ்வீட் பிரெட், மில்க் பிரெட், பன் மூன்றும் இதற்கு ஆகாது. அவற்றில் சீனியும் கொழுப்பும் கூடுதல், உள்சதை பஞ்சாக இருக்கும், பாகு பட்டதும் குழைந்துவிடும். காயவைக்கிற வேலை மிச்சம் என்று ரஸ்க் வாங்குவதும் சரிவராது. அதிலும் சீனி உண்டு, ஏலக்காய் மணமும் இருக்கலாம். ஊறினால் விளிம்பெல்லாம் உதிர்ந்து தூளாகும்.

வெட்டாத முழு பிரெட்டாகக் கேட்டு வாங்குங்கள். மெஷினில் வெட்டிய துண்டு மெலிசாக இருக்கும், பாகின் எடையைத் தாங்காது. வீட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் இரண்டாக்கிக்கொள்ளுங்கள். ஓரத்தை வெட்டி எறிய வேண்டாம், இந்தப் பண்டத்துக்கு முதுகெலும்பே அந்த ஓரம்தான்.

பழைய பிரெட் வேறு, காய்ந்த பிரெட் வேறு. பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று நாள் கிடந்த பிரெட் விறைத்துப் போயிருக்கும். அது மாவுச்சத்து இறுகியதால் வந்த விறைப்பு, ஈரம் அப்படியே உள்ளே இருக்கும். நம்மூர் வெக்கையில் அந்த உறைக்குள் பூஞ்சணமும் பிடித்துவிடும். வாங்கின அன்றே வெட்டி, தட்டில் பரப்பி, மெல்லிய துணி மூடி மொட்டை மாடியில் வையுங்கள். தவக்காலம் வருவது மாசி, பங்குனி வெயிலில்தான் என்பதால் ஒரு பகல் போதும், மதியம் ஒரு தடவை திருப்பிப் போட்டால் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்கிறவர்கள் மாடியை நம்ப வேண்டாம். ஓவனில் 150 டிகிரியில் 20 நிமிடம், பாதியில் திருப்பிவிட்டு. ஓவன் இல்லாவிட்டால் தோசைக்கல்லில் சிறு தீயில் பக்கத்துக்கு 4, 5 நிமிடம்.

காய்ந்ததா என்று பார்க்க நடுத்துண்டு ஒன்றை ஒடியுங்கள். சத்தத்தோடு ஒடிய வேண்டும், நடுவில் மெத்தென்ற இடமே இருக்கக்கூடாது. வீட்டில் தராசு இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை: 400 கிராம் பிரெட் காய்ந்தபின் 280 கிராமை ஒட்டி நிற்கும். 320 காட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

காய்ந்தபின் உருக்கிய வெண்ணெயை இரண்டு பக்கமும் தடவி, கல்லில் பொன்னிறமாக வாட்டி எடுங்கள். இது ருசிக்கு மட்டுமில்லை. கொழுப்புப் படலம் இருந்தால் பாகு மெதுவாக இறங்கும், மேல்பக்கம் கரைவதற்குள் நடுப்பக்கமும் நனைந்துவிடும். நெய் வேண்டாம். வெல்லம், திராட்சை, நெய் மூன்றும் சேர்ந்தால் சர்க்கரைப் பொங்கல் வாசம் வந்து பட்டையை அமுக்கிவிடும். ஏலக்காய்க்கும் இங்கே வேலையில்லை. வெண்ணெய் பிடிக்காதவர்கள் மணமில்லாத எண்ணெய் தடவலாம்.

பாகு

மெக்சிகோவில் பிலொன்சீயோ என்கிற கூம்பு வெல்லத்தைப் போடுவார்கள். கரும்புச் சாற்றைக் கழிவுப்பாகு பிரிக்காமல் காய்ச்சி அச்சில் ஊற்றுவது அது. நம் மண்டவெல்லமும் அதே செய்முறைதான், அதனால் இந்த இடத்தில் மாற்றுப்பொருள் என்று சொல்லவே தேவையில்லை. மதுரைக் கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கரும்பழுப்பு நிறத்தில் உள்ளதைக் கேளுங்கள். பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் பெரும்பாலும் நிறத்துக்காக வெளுக்கப்பட்டது, இனிப்பு இருக்கும், ஆழம் இருக்காது. வாங்கும்போதே ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பாருங்கள். உப்புத் தண்ணீர் பாய்ந்த கரும்பில் காய்ச்சிய வெல்லம் கரிக்கும். சீஸிலும் உப்பு வருவதால் இரண்டும் சேர்ந்து கெடுத்துவிடும். கருப்பட்டி பிடித்தவர்கள் 350 கிராமில் 80 கிராமை மட்டும் கருப்பட்டியாக மாற்றலாம். முழுக்கக் கருப்பட்டி போட்டால் பட்டையும் கிராம்பும் இருக்கிற இடம் தெரியாது.

பட்டையிலும் கவனம் வேண்டும். மெக்சிகோ சமையலில் ஓடுவது இலங்கைப் பட்டை: மெலிசான தாள்கள் சுருட்டு மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும், விரலால் நொறுக்கலாம். நம் கடைகளில் பிரியாணிக்குக் கொடுப்பது பெரும்பாலும் கனத்த, உடைக்கச் சிரமமான வேறு பட்டை. அதன் காரம் இனிப்பில் துருத்திக்கொண்டு நிற்கும். சுருள் பட்டை என்று கேட்டு வாங்குங்கள். கனத்த பட்டைதான் இருக்கிறது என்றால் இரண்டுக்குப் பதில் அரைத் துண்டு, அதையும் 10 நிமிடம் கழித்து எடுத்துவிடுங்கள்.

வெல்லத்தைத் தட்டி, 900 மில்லியில் 200 மில்லி தண்ணீரை மட்டும் ஊற்றிக் கரைத்து வடிகட்டுங்கள். அடியில் மண்ணும் கரும்புச் சக்கையும் நிற்கும். வடித்ததில் மீதித் தண்ணீர், பட்டை, கிராம்பு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். கடைசியில் அளந்தால் 800 மில்லி இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும், குறைந்துபோயிருந்தால் வெந்நீர் விட்டுச் சரிக்கட்டுங்கள்.

அதிரசத்துக்கும் கடலை உருண்டைக்கும் பாகு வைத்துப் பழகிய கைதான் இங்கே தவறும். கம்பிப் பதம் இங்கே வரவே கூடாது. விரல்களுக்கு நடுவே தொட்டால் பிசுக்கென்று ஒட்ட வேண்டும், இழை விடக்கூடாது. கரண்டியிலிருந்து தயங்காமல் ஓட வேண்டும். ஒரு கம்பிப் பதத்தில் பாகின் சூடு 105 டிகிரியை ஒட்டி இருக்கும், அதற்குள் தண்ணீரில் பெரும்பகுதி போய்விடும். அந்தக் கெட்டிப் பாகு ரொட்டியின் துவாரங்களுக்குள் நுழையாது, மேலேயே பூசிக்கொண்டு இறுகும். நமக்கு வேண்டியது 100 டிகிரியைச் சற்றே தாண்டிக் கொதிக்கிற தண்ணிப் பாகு.

சில வீடுகளில் இந்தப் பாகிலேயே ஒரு தக்காளி, ஒரு துண்டு வெங்காயம், இரண்டு இணுக்கு மல்லித்தழை போட்டுக் கொதிக்கவைத்து வடித்துவிடுவார்கள். முகம் சுளிக்க வேண்டியதில்லை. வடித்தபின் வெங்காய வாசம் தூக்கலாக நிற்காது, லேசான புளிப்பு வெல்லத்தின் திகட்டலை வெட்டும். முதல் தடவை செய்கிறவர்கள் பாதித் தக்காளியோடு தொடங்கலாம், அல்லது கமலா ஆரஞ்சுத் தோலை இரண்டு விரல் நீளம் சீவிப் போடலாம். உள்பக்க வெள்ளைச் சதை ஒட்டியிருந்தால் கசக்கும், அதைச் சுரண்டிவிடுங்கள். எது போட்டாலும் ஊற்றும்முன் வடித்துவிட வேண்டும். ஒரு கிராம்பு ரொட்டிக்குள் தங்கினால்கூட அந்த வாய் முழுக்கக் காந்தும்.

சீஸ்

இனிப்பில் சீஸா என்று விட்டுவிட்டால் இது வெறும் வெல்ல ரொட்டி. உப்பு படுகிற இடத்தில்தான் பாகின் ருசி எழும்புகிறது. அங்கே கொத்தீஹா மாதிரி உப்பேறிய உதிர் சீஸையோ, உருகுகிற வகையையோ, இரண்டையும் கலந்தோ போடுவார்கள். நாமும் கலப்பதே நல்லது. 200 கிராம் பன்னீரை உதிர்த்து, ஒரு டீஸ்பூன் உப்பு பிசறி, துணியில் கட்டி இரண்டு மணி நேரம் கனமான எதையாவது தூக்கி வையுங்கள். தண்ணீர் இறங்கி, உப்பு ஏறி, கெட்டியாக உதிரும். வீட்டில் பால் திரித்துச் செய்தால் எலுமிச்சைப் புளிப்பு போகிற மாதிரி தண்ணீரில் ஒரு தடவை அலசிவிட்டுப் பிழியுங்கள். பன்னீர் உருகாது, அதனால் மேலே 50 கிராம் உருகுகிற சீஸ் வேண்டும். சுடச்சுடச் சாப்பிடுவதானால் பீட்சாவுக்குப் போடும் மொசரெல்லா. ஆறவைத்துச் சாப்பிடுவதானால் கட்டியாக விற்கிற பிராசஸ்டு சீஸைத் துருவிப் போடுங்கள், மொசரெல்லா ஆறினால் ரப்பராக இழுக்கும்.

கடலை, பழம்

நிலக்கடலையை விட்டுவிட்டு முந்திரி போட ஆசை வரும். முந்திரி பாகில் ஊறி மெத்தென்றாகிவிடும், கடலைதான் கடைசிவரை கடிபடும். பாதாம் சீவலும் நன்றாக இருக்கும். வாழைப்பழத்தில் ரஸ்தாளி, பூவன் போன்ற குழைகிற வகைகள் வேண்டாம். சிறுமலைப் பழம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. நீர் குறைவு, வெந்தாலும் வில்லை வில்லையாக நிற்கும். இல்லாவிட்டால் நேந்திரம். மெக்சிகோவில் கொய்யா போடுகிற ஊர்களும் உண்டு. ஆயக்குடிக் கொய்யா வருகிற காலத்தில், விதைச் சதையை வழித்துவிட்டு வெளிச்சதையை மட்டும் சீவிப் போட்டுப் பாருங்கள், வெல்லத்தோடு அத்தனை பொருத்தம். மேலே கலர் மிட்டாய் மணி தூவுகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். குழந்தைகளுக்காக என்றால் கொஞ்சம் சீரக மிட்டாய், பரிமாறும்போது மட்டும். அடுப்பில் வைத்தால் சாயம் இறங்கும்.

அடுக்குவது

ஏனத்தில் வெண்ணெய் தடவி அடியில் சப்பாத்தியை விரியுங்கள். மெக்சிகோவில் அந்த இடத்தில் டோர்ட்டியா என்கிற மக்காச்சோள ரொட்டி இருக்கும். கீழே தேங்குகிற பாகைக் குடித்துக்கொண்டு அடிபிடிக்காமல் காப்பது அதன் வேலை. அதன்மேல் ரொட்டியில் மூன்றில் ஒரு பங்கு, இடைவெளியைச் சின்னத் துண்டுகளால் அடைத்து. அதன்மேல் கடலை, திராட்சை, பழம், பன்னீர். பிறகு சூடான பாகு 250 மில்லி, கரண்டியால் எல்லாப் பக்கமும் படுகிற மாதிரி. இங்கே 10 நிமிடம் நிறுத்துங்கள். அவசரப்பட்டு மொத்தத்தையும் ஒரே ஊற்றாக ஊற்றினால் பாகு இடுக்குகளில் இறங்கி அடியில் குளமாகும், மேலடுக்கு வறண்டு நிற்கும். இப்படியே மூன்று அடுக்கு. மேலடுக்கில் பழம் வேண்டாம், கருகும். மிச்சமுள்ள 50 மில்லி பாகைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் ஓரத்தில் பாகு எட்டிப்பார்க்க வேண்டும், மேலே ஏறி நிற்கக்கூடாது. அழுத்திப் பார்த்தபின் உருகுகிற சீஸை மேலே துருவுங்கள்.

ஓவனில் 175 டிகிரி. ஏனத்தை ஃபாயிலால் இறுக மூடி 35 நிமிடம், பிறகு திறந்து 10 முதல் 12 நிமிடம். ஃபாயிலின் உள்பக்கம் எண்ணெய் தடவினால் சீஸ் ஒட்டிக்கொண்டு வராது. சின்ன ஓடிஜியில் மேல்கம்பி ரொம்பப் பக்கத்தில் இருக்கும், கீழ்த்தட்டில் வையுங்கள். மெக்சிகோவில் பழைய வழக்கம் மண்சட்டி. மானாமதுரைச் சட்டி அதற்குக் கச்சிதம், ஆனால் நன்றாகப் பழக்கிய சட்டியாக இருக்க வேண்டும். குளிர்ந்த சட்டியைச் சூடேறிய ஓவனில் வைத்தால் விரிசல் விடும், ஓவனோடு சேர்த்துச் சூடேற்றுங்கள், 10 நிமிடம் கூடுதலாக ஆகும்.

ஓவன் இல்லாதவர்களுக்கு அடுப்பே போதும். தோசைக்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் அடிகனமான ஏனத்தை வைத்து, இறுக மூடி, இருப்பதிலேயே சின்னத் தீயில் 35 நிமிடம். மேல்பக்கம் சிவக்க வேண்டுமானால் தம் பிரியாணிக்குப் போடுகிற மாதிரி மூடிமேல் கங்கு பரப்பி 10 நிமிடம். சிவக்காவிட்டாலும் ருசிக்குக் குறைவில்லை. கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துவிட்ட குக்கரில், அடியில் உப்புப் பரப்பி ஸ்டாண்டு வைத்துக் கேக் சுடுகிற முறையிலும் 45 நிமிடத்தில் ஆகிவிடும்.

எடுத்ததும் வெட்டக்கூடாது. அரை மணி நேரம் ஆறினால்தான் பாகு ரொட்டிக்குள் அடங்கித் துண்டு நிற்கும்.

பிசகினால்

சொதசொதவென்று வந்தால் முதலில் ரொட்டியைச் சந்தேகப்படுங்கள், பிறகு பாகின் அளவை. மூடாமல் 160 டிகிரியில் இன்னும் 15 நிமிடம் வைத்தால் பாதியாவது மீளும். நடுவில் வெள்ளையாக வறண்ட இடம் தெரிந்தால், தனியே வைத்த பாகில் 50 மில்லி வெந்நீர் கலந்து அந்த இடத்தில் ஊற்றி மூடி 10 நிமிடம் விடுங்கள். அடி கருகிக் கசந்தால் தீ அதிகம், அல்லது சப்பாத்தி ஏனத்தின் அடியை முழுக்க மூடவில்லை. மேல்துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கிளறினால் கசப்பு முழுக்கப் பரவும். திகட்டினால் அடுத்த முறை வெல்லத்தை 300 கிராமாகக் குறையுங்கள், பாகின் மொத்த அளவை மட்டும் குறைக்க வேண்டாம்.

பால் ஊற்றிச் செய்கிற வெள்ளை வகையும் மெக்சிகோவில் உண்டு. அதற்கு மண்டவெல்லம் ஆகாது, கொதிக்கும் பாலில் வெல்லம் பட்டால் திரிந்துவிடும். சீனியோ கண்டென்ஸ்டு மில்க்கோதான் சரி.

மிச்சம் இருந்தால் வெளியே வைக்காதீர்கள், ஈர ரொட்டியும் பன்னீரும் நம்மூர் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் 4 நாள் நிற்கும். சூடாக்க இட்லிக் கொப்பரை வேண்டாம், ஆவித்தண்ணீர் இறங்கிக் குழைந்துவிடும். தோசைக்கல்லில் துண்டை வைத்து மூடி, சிறு தீயில் பக்கத்துக்கு 3 நிமிடம்.